டெற்றோல் மணக்கிற ஓட்டோ

திரையில் ஜெனீற்றா என்ற பெயர் விழுந்ததும் நிருபன் பெருவிரலால் அதை அழித்தான். அழித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று ஓட்டோ ஸ்ராண்டை ஒரு சுற்றுப் பார்த்தான். பார்க்க ஒன்றும் இல்லை. ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு முன்னால் நின்ற ஓட்டோக்காரர்கள் நாலு பேரும் தங்கள் தங்கள் கைபேசியில் அதே பெயரைச் சற்று முன்னர் அழித்திருந்தார்கள். இப்போது ஒருவன் ரயரைக் காலால் தட்டினான். ஒருவன் கண்ணாடி துடைத்தான். சோளகக் காற்று கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு வந்து எல்லோருடைய வாய்க்குள்ளும் போட்டது.

கைபேசியில் ஓட்டோ பிடிக்கிற அந்த அப் தீவுப் பக்கம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வந்த நாளில் இருந்து ஸ்ராண்டில் வாய்ச்சண்டை குறைந்தது. யாருக்கு ஓட்டம் என்று கைபேசி சொல்லிவிடும். ஆனால் இந்த ஒரு கிழமையாக எல்லோரும் ஒரே ஓட்டத்தை ஒருவர்மேல் ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். காரணம் ஜெனீற்றா அல்ல, அவள் கொண்டுவந்த நாய்.

கறுப்பு நாய். பெட்டை. முதுகில் தோல்வார் கட்டி, அதில் ஒரு கெட்டியான பிடி. நெஞ்சுப் பக்கம் மஞ்சள் துணியில் வேறு நாட்டு எழுத்து. நோர்வேயில் இருந்து பிளேனில் வந்த நாய். ஊர் நாய்கள் நாலைந்து சுற்றி நின்று குரைத்தபோதும் அது திரும்பிப் பார்க்கவில்லை. தெருக்கரையில் வந்து நின்றது, ஜெனீற்றாவும் நின்றாள். அது நடந்தது, அவளும் நடந்தாள்.

"குரைக்காத நாயை நீ எங்கையெண்டாலும் கண்டனியோ?" என்று பத்திநாதர் கேட்டார். அவர் ஸ்ராண்டில் மூத்தவர். அப் இல்லாமல் பழைய ஆட்களை மட்டும் ஏற்றுகிறவர். "குரைக்கிறது நாயின்ரை தொழில். தொழிலை விட்ட நாயெண்டால் அது வேறை தொழிலுக்குப் பழக்கின நாய். பொலிஸ்காறன் பழக்கினால்தான் வாயைப் பொத்திக்கொண்டு மணம் பிடிக்கும்."

"அவவுக்குக் கண் தெரியாதாம் அண்ணை," என்றான் ஒருவன்.

"கண் தெரியாதவள் போனிலை ஓட்டோ பிடிக்கிறாளோ? எனக்கு ரெண்டு கண்ணும் கிடக்கு, எனக்குப் பிடிக்கத் தெரியேல்லை."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நீளவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னர் கரையில் மோப்ப நாயை இறக்கி மணக்கவிட்டு, மீன் வாடிக்குள் இருந்த இரண்டு பேரைப் பிடித்துப் போயிருந்தார்கள். கேரளக் கஞ்சா. அந்த நாய் பையைக் கண்டதும் குரைக்கவில்லை, பாயவில்லை, பைக்கு முன்னால் போய்ச் சும்மா குந்தியதாம். பார்த்தவர்கள் சொன்னதில் எல்லோருக்கும் மனதில் நின்றது அதுதான். குந்தினால் முடிஞ்சுது.

ஸ்ராண்டில் நின்றவர்கள் கஞ்சாக்காரர்கள் அல்ல. ஆனால் கடலுக்குப் போகிறவனிடம் எங்கே போகிறாய் என்று கேட்காத ஊர் அது. ஓட்டோவில் ஏற்றுகிற பையில் என்ன இருக்கிறது என்றும் கேட்காது. கேட்பது மரியாதைக் குறைவு. பையைத் தருவார்கள், இடத்தைச் சொல்வார்கள், கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பிடித்த ஆமையாக இருக்கலாம், மீனுக்கு எறிகிற வெடியாக இருக்கலாம், வெறும் கருவாடாகவும் இருக்கலாம். வருடத்தில் அப்படி ஒரு ஓட்டமாவது ஓடாதவன் தீவுக்குள் இல்லை. ஆகவே நாயைக் கண்டதும் ஒவ்வொருவனும் தன் சீற்றின் பின்பக்கத்தை நினைத்துக்கொண்டான்.

நிருபன் வைகாசியில் ஓடியிருந்தான். மனைவியின் தம்பி டினேஷ் இரண்டு உரப்பைகளைக் கொண்டுவந்து, காய்ந்த கடலட்டை, பாஸ் இல்லாமல் பிடித்த அட்டை, யாழ்ப்பாணத்தில் ஒருவன் வந்து எடுப்பான் என்று சொல்லி, பின்சீற்றின் சாய்வுக்குப் பின்னால் சாமான் வைக்கிற பள்ளத்துக்குள் தள்ளினான். அல்லைப்பிட்டி தாண்ட வெயில் ஏறியது. கடலட்டை மணக்கவில்லை. ஈரப்புல்லை அவித்து மூடிவைத்தது போல ஒரு மணம் முன்சீற்றுக்கு வந்தது. நிருபன் பன்னிரண்டு வருடம் கடலில் நின்றவன். முதுகெலும்பு தேய்ந்ததால் படகை விட்டு ஓட்டோவுக்கு வந்தவன். அட்டை எப்படி மணக்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் கேட்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தான்.

அன்றில் இருந்து அந்தப் பள்ளத்தைக் கழுவுகிறான். முதலில் உப்புத் தண்ணீர். பிறகு தேசிக்காய். பிறகு டெற்றோல். குடிக்கிற தண்ணீரே பவுசரில் வருகிற ஊரில், அவன் நாளுக்கு இரண்டு வாளி ஓட்டோவுக்கு ஊற்றினான்.

வீட்டில் மேரிசுகந்தி முற்றத்தில் சாக்கு விரித்து, டினேஷின் வலையில் சிக்கியிருந்த நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். காலை உடைக்காமல் நண்டைக் கழற்ற வேண்டும். கால் போனால் விலை போய்விடும். அவளுடைய விரல் நுனிகள் எல்லாம் கீறல். புருஷன் வந்து இறங்கியதும் அவள் நிமிராமலே கேட்டாள்.

"ஆரப்பா அவள்?"

"எவள்?"

"நாளுக்கு ரெண்டுதரம் கழுவி டெற்றோல் போடுற அளவுக்கு உந்தச் சீற்றிலை இருந்திட்டுப் போறவள்."

நிருபன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. ஒரு நண்டைக் கழற்றிக் கூடைக்குள் போட்டாள். அவன் ஏதோ பேச வாயெடுக்கையில் கைபேசி கிணுகிணுத்தது. அவள் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு அதை வாங்கி, அப் அனுப்பிய செய்தியை வாசித்தாள். உதவி நாயோடு வரும் பயணியை மறுத்ததாக அவன்மேல் இரண்டு முறைப்பாடுகள் பதிவாகியிருக்கின்றன. மூன்றாவது வந்தால் கணக்கு மூடப்படும்.

சுகந்திக்கு முகம் மாறியது. "றோசம்மா மாமியின்ரை ஜெனீற்றாவையோ ஏத்தாமல் விட்டனீங்கள்?"

அவளுக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும். கோயிலுக்குப் பின் பக்கத்து ஒழுங்கைக்குள் வீடு. தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்து ஓடும்போது ஷெல் பட்டுப் பத்து வயதில் கண் போன பிள்ளை ஜெனீற்றா. பிறகு சிற்றன்னையோடு நோர்வேக்குப் போனவள். தாய் மட்டும் ஊருக்குத் திரும்பி வந்து தனியாக இருந்தாள். மூன்று கிழமைக்கு முன்னர் கோயில் படியில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள். வியாழக்கிழமை ஒப்பரேசன். வயதுக்கும் சீனி வருத்தத்துக்கும் மேசையில் இருந்து எழும்புவாளோ தெரியாது என்று டொக்டர் சொன்னதாகக் கதை. மகள் வந்துவிட்டாள். ஆனால் பஸ்ஸில் நாயோடு ஏற விடவில்லை, ஓட்டோக்காரர் அழிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்வை நேரம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தாளாம்.

இதையெல்லாம் சுகந்தி ஒரே மூச்சில் சொன்னாள். "அந்தக் கிழவி எங்கடை செத்தவீட்டுக்கு அடுப்பு மூட்டினவ. அம்மா செத்த கிழமை முழுக்க எங்களுக்குச் சாப்பாடு ஆர் தந்தது?"

"அது பொலிஸ் நாயப்பா," என்றான் நிருபன்.

"இருக்கட்டும். பொலிஸ் நாயெண்டால் உங்களுக்கேன் பயம்?"

அவன் வாயை மூடிக்கொண்டான். டினேஷ் அவளுடைய தம்பி. தாய் இல்லாமல் அவள் வளர்த்த தம்பி. புருஷன் மூடிய வாயையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பொம்பிளை விசயம் இல்லை, அதிலும் பெரியது ஏதோ கிடக்கிறது என்று அந்த நேரம் அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். மேலே ஒன்றும் கேட்காமல் வலைக்குத் திரும்பினாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஜெனீற்றாவின் பெயர் விழுந்தபோது நிருபன் அழிக்கவில்லை. ஒழுங்கைக்குப் போனான். வீட்டுப் படலையடியில் கறுப்புக் கண்ணாடி போட்டு, கையில் சுடுதண்ணிப் போத்தலும் ஒரு துணிப்பையுமாக அவள் நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். நாய் அவளுடைய இடது காலோடு ஒட்டி நின்றது.

"நிருபன் தம்பியோ?"

"ஓம் அக்கா."

"நீர் நேற்று ரயர் காத்துப் போனவரோ, பெற்றோல் முடிஞ்சவரோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை அக்கா. அழிச்சனான்."

"அப்ப நீர்தான் உந்த ஸ்ராண்டிலை நேர்மையானவர்," என்றாள். சிரித்தாளா என்று கண்ணாடியில் தெரியவில்லை. "மிலா, ஏறு."

மிலா ஏறி, ஒருதரம் சுழன்று, அவள் காலடியில் மடிந்து படுத்தது. நாரந்தனை வரைக்கும் அப்படியே கிடந்தது. நிருபன் தெருவைப் பார்த்ததை விடப் பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியைத்தான் பார்த்தான். சரவணைப் பக்கம் வரும்போது நாய் எழும்பியது. முன்னங்காலைச் சீற்றில் வைத்து, மூக்கைச் சாய்வுக்கு மேலால் நீட்டி, அந்தப் பள்ளத்துக்குள் விட்டது. தெருவில் குறுக்கே நின்ற மாட்டை நிருபன் கடைசி நேரத்தில்தான் கண்டான்.

"அக்கா, அது என்ன செய்யுது?"

"அவளுக்கு மூக்குக் கூடினது. டெற்றோல் பிடிக்காது." அவள் நாயின் கழுத்தைத் தடவிக் கீழே இறக்கினாள். நாய் குந்தியது. "தம்பி, உம்மடை ஓட்டோ ஏன் ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது?"

"நேற்று ஒரு பிள்ளை சத்தி எடுத்திட்டுது."

அவள் காதைச் சரித்து எஞ்சினின் சத்தத்தைக் கேட்டாள். பிறகு சொன்னாள், "நீர் பொய் சொல்லேக்கை ஓட்டோ மெல்லப் போகுது."

அதற்குப் பிறகு, யாழ்ப்பாணத்துக்குக் கடலைக் கடக்கிற பண்ணை வீதி வரைக்கும் அவள்தான் கதைத்தாள். நோர்வேயில் ஆஸ்பத்திரி ஒன்றில் உடம்பு பிடித்துவிடுகிற வேலை. கண் தெரியாதவர்களின் கைக்கு அங்கே நல்ல பெயர். அங்கேயும் நாயோடு நின்றால் நிற்பாட்டாமல் போகிற ராக்சிக்காரர் இருக்கிறார்கள். அங்கே போனவன் ஏன் போனான் என்று அவளுக்குத் தெரியும், ஒன்றில் மயிர் கொட்டும், இல்லாவிட்டால் பயம். இங்கே ஏன் என்றுதான் விளங்கவில்லை என்றாள். போனில் எடுத்துக் கேட்டால் நாலு பேர் நாலு காரணம் சொல்கிறார்கள், நாலும் பொய், ஆனால் எல்லோருடைய குரலிலும் ஒரே நடுக்கம்.

"உங்கடை நாய் குரைக்காதோ அக்கா?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"வேலை நேரத்திலை குரைக்காது. நீர் வேலை நேரத்திலை பாடுவீரோ?"

பண்ணையில் பொலிஸ் மறிப்பு. இரண்டு பக்கமும் கடல், நடுவில் தெரு, ஒளிக்க இடமில்லை. முன்னால் நின்ற மீன் வானைத் திறந்து பெட்டி பெட்டியாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். நிருபனைக் கண்டதும் ஒரு பொலிஸ்காரன் கை நீட்டினான். நீட்டிய கையோடு குனிந்து உள்ளே பார்த்தான். கறுப்புக் கண்ணாடியையும் நாயையும் கண்டான். கையை நெற்றிப் பக்கம் கொண்டுபோய்விட்டு, போ என்று காட்டினான்.

சல்யூட் அடித்தானா, வியர்வை துடைத்தானா? நிருபன் அன்று முழுவதும் அதையே உருட்டினான். சல்யூட் என்றால் அவள் அவர்களுடைய ஆள். வியர்வை என்றால் வெறும் கண் தெரியாத மனிசி. ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கி, நாயின் பிடியைப் பிடித்துக்கொண்டு சனத்துக்குள் போகையில் சக்கரக் கதிரை ஒன்றை ஒரு சாண் இடைவெளியில் விலத்திப் போனாள். கண் தெரியாதவள் இப்படி விலத்துவாளா என்றும் யோசித்தான்.

பின்னேரம் அவளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டான். வீட்டுக்கு வந்து சாப்பிட இருக்கையில் சுகந்திக்குக் கதையைச் சொன்னான். அதுதான் அவன் விட்ட பிழை. குசினியில் டினேஷும் புட்டும் நண்டுக் குழம்புமாக இருந்தான். நண்டுக் காலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, "ஒருத்தனும் மறிக்கேல்லையோ அத்தான்?" என்று கேட்டான்.

"மறிச்சவன் நாயைக் கண்டிட்டு விட்டிட்டான்."

"சீற்றைத் திறந்து பாக்கேல்லை?"

"ஏன் பாக்கிறான்?"

டினேஷ் நண்டின் காலை உறிஞ்சி முடித்துவிட்டுக் கோதைக் கோப்பையின் ஓரத்தில் வைத்தான். கை கழுவ வெளியே வந்தபோது நிருபனிடம் நெருங்கி, வியாழனும் அந்த அக்கா போகிறாவோ என்று விசாரித்தான். இருபத்தாறு வயது. சிரித்தால் இன்றைக்கும் பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி இருக்கும்.

"டேய். அந்த மனிசியோடை உந்த விளையாட்டு வேண்டாம்."

"நான் என்ன சொன்னனான்? ஒப்பரேசன் எண்டு அக்கா சொன்னவ, கேட்டனான்." தண்ணீரை உதறிவிட்டுப் போனான்.

நிருபன் அன்றும் அடுத்த நாளும் ஓட்டோவின் திறப்பைக் காற்சட்டைப் பொக்கற்றிலேயே வைத்திருந்தான். புதன்கிழமையும் ஜெனீற்றாவைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தான். புறப்பட முன்னர் பள்ளத்தைப் பார்த்தான், பண்ணைக்கு முன்னால் நிறுத்தி இன்னொருதரம் பார்த்தான். ரயர் பார்க்கிறேன் என்று அவளுக்குச் சொன்னான். உம்மடை ரயர் நல்ல வருத்தக்காறன் போல என்று அவள் சொன்னாள்.

வியாழக்கிழமை விடிய அவன் எழும்பியபோது ஓட்டோ முற்றத்தில் ஈரமாக நின்றது. டினேஷ் ஐஸ் ஏற்றிக்கொண்டு வரக் கேட்டான், நீங்கள் நல்ல நித்திரை, நான்தான் காற்சட்டையில் இருந்து திறப்பை எடுத்துக் கொடுத்தேன் என்றாள் சுகந்தி. இப்போதுதான் கொண்டுவந்து விட்டுப் போகிறான் என்றாள். வழக்கம்தான். ஐஸுக்கு எத்தனையோ தரம் கொடுத்திருக்கிறாள். ஏழு மணிக்கு ஒழுங்கையில் நிற்பதாக நிருபன் சொல்லியிருந்தான். பத்தரைக்கு றோசம்மாவைத் தியேட்டருக்குள் எடுப்பார்கள், அதற்கு முன்னர் மகள் முகத்தைக் கிழவி பார்க்க வேண்டும். பாண் துண்டைச் சம்பலோடு வாயில் திணித்துக்கொண்டு ஓட்டோவை எடுத்தான். பள்ளத்தைப் பார்க்க மறந்தான்.

படலையில் ஜெனீற்றா தோய்த்து மடித்த சட்டையும் செபமாலையும் பையில் வைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவளிடம் பகிடி இல்லை. மிலாவை ஏறச் சொன்னாள். மிலா முன்னங்கால் இரண்டையும் நேராகச் சீற்றில் வைத்து, மூக்கைச் சாய்வுக்குப் பின்னால் விட்டு, இழுத்து இழுத்து மணந்தது. அந்த நேரம் நிருபனின் கைபேசி அடித்தது.

ஓட்டோக்காரர் ஒருவரும் கைபேசியைக் காதில் வைப்பதில்லை. ஹாண்டிலுக்கு மேல் கொளுவிவைத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கதைப்பார்கள். நிருபன் பழக்கத்தில் விரலை இழுத்துவிட்டான்.

"அத்தான், பின்னாலை ஒரு பை கிடக்கு. மேலை கருவாடு போட்டிருக்கு, மணக்காது. பண்ணை தாண்ட ஒருத்தன் மோட்டச்சைக்கிளிலை வருவான், குடுத்துவிடுங்கோ. நாய்க்காறி இருக்கிறாதானே, ஒருத்தனும் பாக்கமாட்டான்."

சோளகத்தையும் மீறி அது தெளிவாகக் கேட்டது. நிருபன் கைபேசியை அமத்தினான். ஜெனீற்றாவைப் பார்த்தான். அவள் முகம் தெருப்பக்கம் இருந்தது, ஒரு கை நாயின் முதுகில். கண் தெரியாதவளுக்குக் கண்தானே தெரியாது என்பது அந்த நிமிசத்தில் அவன் மூளைக்கு எட்டவில்லை. அவளிடம் இருந்து முகத்தைத் திருப்பிவிட்டால் போதும், அவளுக்கு ஒன்றும் தெரியவராது என்பது போலத் திருப்பிக்கொண்டான். எதிர்வீட்டுப் படலையில் இரண்டு பெண்கள் தண்ணீர்ப் பவுசருக்கு வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையை இந்த இடத்தில் இறக்க முடியாது. பையோடு இவளை ஏற்றவும் முடியாது.

"அக்கா," என்றான். "நாயை ஏத்தேலாது."

"நேற்று ஏத்தினனீர்."

"இண்டைக்கு ஏலாது."

"இண்டைக்கு அம்மாவுக்கு ஒப்பரேசன் தம்பி."

"தெரியும் அக்கா. ஏலாது. இறக்குங்கோ."

அவள் நாயின் பிடியை இழுத்தாள். மிலா இறங்கியது. சத்தம் போட்டிருந்தால், ஏசியிருந்தால் நிருபனுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சரி அவனுக்குப் பிடிக்கவில்லை. ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு போகையில் கண்ணாடியில் பார்த்தான். அவள் கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

டினேஷின் வாடி கரையோரம். மூன்று நாலு பேர் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். நிருபன் ஓட்டோவை மணலுக்குள் இறக்கி, சாய்வைத் தள்ளி, பையைத் தூக்கினான். முதுகு விண்ணென்று இழுத்தது. கொண்டுபோய் டினேஷின் காலடியில் போட்டான். மேலே இருந்த சீலாக் கருவாடு இரண்டு மணலில் விழுந்தன. வலை பொத்தியவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. ஒருவனும் ஒன்றும் கேட்கவில்லை.

"அத்தான், விசரோ உங்களுக்கு? அங்கை ஆள் நிக்கிறான். உதுக்கு ஆர் பதில் சொல்றது தெரியுமோ?"

"நீ சொல்லு."

"என்னை வெட்டிப்போடுவாங்கள்."

"அந்த மனிசியைப் பிடிச்சால் ஆரடா வெட்டுறது? அவளின்ரை மடியிலை வைச்சு அனுப்பப் பாத்தனி. இனித் திறப்புக் கேட்டு என்ரை முற்றத்துக்கு வராதை. உன்ரை அக்காவுக்கும் இண்டைக்குச் சொல்லப்போறன்."

கடைசிச் சொல்லுக்குத்தான் டினேஷின் முகம் வெளிறியது. நிருபன் கருவாட்டை எடுத்துப் பைக்கு மேலேயே திரும்ப வைத்துவிட்டு ஓட்டோவுக்கு வந்தான். கைபேசியில் செய்தி கிடந்தது. மூன்றாவது முறைப்பாடு. கணக்கு மூடப்பட்டது.

அவன் ஒழுங்கைக்குத் திரும்பி வந்தபோது முக்கால் மணித்தியாலம் போயிருந்தது. ஜெனீற்றா அதே இடத்தில் நின்றாள். வேறு ஓட்டோ வரவில்லை. வராது என்று அவனுக்குத் தெரியும். நாய் வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டிருந்தது.

"அக்கா, ஏறுங்கோ. நாயையும் ஏத்துங்கோ."

சத்தத்துக்கு அவள் திரும்பினாள். முகத்தில் ஒரு மலைப்பு வந்து போனது. வந்தவன் இவன்தானா என்று நிச்சயம் பண்ணுகிறவள் மாதிரி, ஓட்டோவின் கூரையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பையையும் போத்தலையும் அவனிடம் நீட்டினாள். "பிடியும்."

பிடித்தான். அவள் ஏறி, சீற்றில் முழங்காலை ஊன்றி, சாய்வுக்குப் பின்னால் கையை விட்டாள். நோர்வேயில் உடம்பு பிடிக்கிற கை. மூலை மூலையாகத் தடவியது. ரயர் மாற்றுகிற ஜக்கைத் தூக்கிப் பார்த்தது, பழைய துணியை விரித்து உதறியது, இரும்பு மடிப்புக்குள் விரலை விட்டு இழுத்தது. பிறகு சீற்றுக்குக் கீழே. பிறகு கூரைச் சீலைக்கும் கம்பிக்கும் நடுவில். நிருபன் போத்தலையும் பையையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் தகப்பனோடு ஆமிச் சென்றிகளில் நின்றது மாதிரி நேராக நின்றான். எதிர்வீட்டுப் பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

அவள் விரலை மூக்கில் வைத்தாள். "சீலா," என்றாள். "கழுவேல்லை."

"நேரமில்லை அக்கா."

"சரி. இனி எடும்."

நிருபன் ஓட்டோவை விரட்டினான். நாரந்தனை, சரவணை, வேலணை. அல்லைப்பிட்டியில் காற்று ஓட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது. அவள் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். ஒருதரமும் அவனிடம் நேரம் கேட்கவில்லை. அவளுடைய கைபேசியே அவளுக்கு நேரம் சொன்னது. எட்டு முப்பத்தெட்டு.

பண்ணையில் வாகன வரிசை இல்லை. ஆனால் வழக்கமாக இரண்டு பேர் நிற்கிற இடத்தில் ஆறு பேர் நின்றார்கள். ஓட்டோவின் இலக்கத்தகட்டைத் தூரத்திலேயே பார்த்து, ஒருவன் நடுத்தெருவுக்கு வந்து கையை நீட்டினான். கறுப்புக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. நாயைப் பார்க்கவில்லை. நிருபனின் லைசன்ஸைக்கூடக் கேட்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், சாய்வைத் தள்ளி, பள்ளத்துக்குள் ரோச் லைற் அடித்தான். ஜக்கை எடுத்து வெளியே போட்டான். பழைய துணியை எடுத்துப் போட்டான். இரும்பு மடிப்புக்குள் விரலை விட்டான். ஜெனீற்றாவின் கை போன வழியே அவன் கையும் போனது.

நிருபன் அந்தக் கையையே பார்த்தான். சாய்வுக்குப் பின்னால் என்று இவனுக்கு யார் சொன்னது?

ஒன்றும் இல்லை. பொலிஸ்காரன் மற்றவனைப் பார்த்தான். மற்றவன் கைபேசியில் எதையோ பார்த்து, இலக்கத்தைத் திரும்ப ஒருதரம் சரிபார்த்து, உதட்டைப் பிதுக்கினான். போகச் சொன்னார்கள்.

நிருபன் ஜக்கையும் துணியையும் பொறுக்கிப் போட்டுவிட்டு எடுத்தான். அந்தப் பை இருந்திருந்தால் என்று நினைத்தான். இருந்திருந்தால் சுகந்தி, ஓட்டோ, எல்லாம். கண்ணாடியில் பார்த்தான். அவள் முகம் கடல் பக்கம் இருந்தது.

"அக்கா."

"ம்."

அவன் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். குரல் காற்றோடு வந்தது.

"நீர் திரும்பி வருவீர் எண்டு நான் நினைக்கேல்லை தம்பி. காலமை என்ரை அம்மாவை விட்டிட்டுக் கஞ்சாவோடை போறானெண்டு நினைச்சனான். நினைச்சு, சொல்ல வேண்டிய ரெண்டு இடத்துக்கும் சொல்லிப்போட்டன். சொன்னதை எடுக்கேலாது. நீர் வந்து நிண்டாப்பிறகு தடவிப் பாக்கத்தான் ஏலும்."

ஓட்டோ மெல்லப் போவதை நிருபன் அப்போதுதான் கண்டான். அவன் பொய் எதுவும் சொல்லவில்லை. கையை முறுக்கினான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னர் இறக்கினான். மிலா இறங்கிப் பிடி அவளுடைய கைக்கு வரும்வரை நின்றது. அவள் போத்தலையும் பையையும் வாங்கிக்கொண்டாள். போகிறவள் நின்றாள்.

"பின்னேரம் வருவீரோ?"

"அப்பிலை என்ரை பேர் இனி வராது அக்கா. மூடிப்போட்டாங்கள்."

"ஓம். நான்தானே." கைபேசியை எடுத்து வாய்க்குக் கிட்டப் பிடித்தாள், காலையில் பிடித்தது மாதிரியே. "நம்பரைச் சொல்லும்."

அவன் சொல்லத் தொடங்கினான். கைபேசி ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொன்னது. எட்டாவது எண்ணில் அவனுக்கு நாக்குத் தடக்கியது. கடைசி இரண்டை மாற்றிச் சொன்னால் இந்த மனிசிக்கும் தனக்கும் உள்ளது இந்த வாசலோடு முடிந்துவிடும். அவள் கைபேசியைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றாள். நாய் நிமிர்ந்து அவனையே பார்த்தது.

கடைசி இரண்டையும் நிருபன் சரியாகவே சொன்னான்.